‘பட்டங்கள் பறந்தன’ எந்த லெவல்?

“எந்த லெவல் எடுக்கட்டும்?”

சிறுவர் புத்தக அலமாரிப் பக்கம் உட்கார்ந்திருப்பவளிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. “பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்?” என்று நான் திருப்பிக் கேட்டால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. அவர்கள் எதிர்பார்ப்பது ஓர் எண்ணை, படிக்க எவ்வளவு கடினம் என்று புத்தக அட்டையில் போட்டிருக்கும் வாசிப்பு நிலையை. செருப்புக்கு அளவு சொல்வதுபோல ‘வயசு 6, அப்ப லெவல் 1’ என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கும் வேலை சுலபம்.

எண்ணே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கும் குழந்தையிடம் பக்கம் முழுக்க வரிகள் நிரம்பிய புத்தகத்தைக் கொடுத்தால் அது இரண்டாவது வரியிலேயே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடும். கொஞ்சம் சொற்கள், பெரிய எழுத்து, திரும்ப வரும் வாக்கியங்கள், கதையோடு ஒட்டிய படம் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும் புத்தகங்கள் தேவைதான். என் சண்டை வேறு இடத்தில். அட்டையில் அச்சாகியிருக்கும் அந்த எண் எதை அளந்து போடப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்ப் புத்தகம் என்றால் இதைக் கேட்டே ஆகவேண்டும். அளவுகோல் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது.

அந்த அளவுகோலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்வியாளர் எம்மெட் பெட்ஸ் 1946இல் ஒரு கணக்குச் சொன்னார். நூறு சொல்லில் 99ஐச் சரியாகப் படித்தால் அந்தப் புத்தகத்தைக் குழந்தை தனியாகப் படிக்கலாம். 95 என்றால் ஆசிரியர் துணையோடு படிக்கலாம். 90க்குக் கீழே போனால் திணறல். இதற்குப் பின்னால் இருந்த ஆய்வு மிகச் சிறியது. இன்றைக்கும் ஆய்வாளர்கள் இதை வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்த எண்கள் வகுப்பறைகளில் ஊறிப்போய்விட்டன. பிறகு நியூசிலாந்தின் மேரி க்ளே, குழந்தை வாய்விட்டுப் படிக்கும்போதே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி போட்டுக்கொண்டு வரும் முறையை உருவாக்கினார். 1996இல் ஐரீன் ஃபௌன்டாஸும் கே சூ பின்னெலும் ஆங்கில எழுத்துகளையே படிகளாக வைத்து ஒரு வரிசையைக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு அது ஏ முதல் இசட் வரை நீண்டது. லெக்சைல் என்று இன்னொன்று உண்டு. வாக்கியம் எவ்வளவு நீளம், சொல் எவ்வளவு அடிக்கடி புழங்குவது என்ற இரண்டையும் வைத்துக் கணினி போடும் மதிப்பெண் அது.

கணினி மதிப்பெண்ணின் லட்சணத்துக்கு ஒரு சாம்பிள். வறட்சியில் நிலத்தை இழந்து ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பத்தைப் பற்றி ஜான் ஸ்டீன்பெக் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ பெரியவர்களுக்கான கனமான நாவல். வாக்கியங்கள் எளியவை, பேச்சுமொழி நிறைய. விளைவு, எண் கணக்கில் அது இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பட்டையில் போய் உட்கார்ந்தது. 2010இல் அமெரிக்காவின் பொதுக் கல்வித் தரங்களை வகுத்தவர்களே தங்கள் ஆவணத்தில் இதை எடுத்துக்காட்டி, எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று எழுதினார்கள்.

தமிழில் சுலபமாகக் கைக்குக் கிடைப்பவை, குழந்தைப் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தின் புத்தகங்கள். நான்கு நிலைகள். முதல் நிலை ஏறத்தாழ 250 சொற்களுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கு மேல். சொற்களின் எண்ணிக்கையோடு கதை எவ்வளவு சிக்கலானது என்பதையும் பார்க்கிறார்கள். அலமாரியைப் பிரித்து அடுக்க இது போதும். ஆனால் எல்லாப் பதிப்பகங்களும் ஒரே கணக்கில் போவதில்லை. ஒருவரின் லெவல் 2 இன்னொருவரின் லெவல் 1ஐ விட எளிதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘என் பையன் லெவல் 3 படிக்கிறான்’ என்று யாராவது சொன்னால் ‘எந்த வரிசையில்?’ என்று கேட்காமல் அதற்கு அர்த்தமே கிடையாது.

இனி தமிழுக்கு வருவோம். சொற்களை எண்ணுவது என்பதே நமக்குக் கொஞ்சம் சங்கடமான வேலை. ஒரு முதல் நிலைப் புத்தகத்தில் ‘நாய் ஓடிக்கொண்டிருந்தது’ என்று ஒரு பக்கம். இரண்டே சொற்கள். எண்ணிக்கைப்படி இதைவிட எளிய பக்கம் இருக்க முடியாது. ஆனால் அந்த இரண்டாவது சொல்லில் பத்து எழுத்துகள். ஓவில் கிளம்பிய குழந்தை, க், கொ, ண் என்று மேடு பள்ளம் தாண்டி ‘து’வுக்கு வருவதற்குள் ஓ எங்கே போயிற்று என்று மறந்துவிடும். அதே செய்தியை ஆங்கிலப் புத்தகம் குட்டிக் குட்டிச் சொற்களாகப் பிரித்துப் போடும். அங்கே சொல்லை எண்ணுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் மொழியில் வேற்றுமை உருபு, துணைவினை, ‘உம்’, ‘ஏ’ எல்லாம் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். மொழிபெயர்ப்பில் இது இன்னும் மோசம். மூலத்தில் லெவல் 1 என்றிருந்தது தமிழிலும் லெவல் 1 என்றே வருகிறது. உள்ளே ‘எட்டிப்பார்த்தபோதெல்லாம்’ என்று ஒரு சொல் வரி முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

ஐந்து விரல் விதி என்று ஒன்று பெற்றோர் மத்தியில் சுற்றுகிறது. ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம். நூறு சொல் இருக்கும் பக்கத்துக்கு அது சரி, பெட்ஸின் 95தான் அது. தமிழ் ஆரம்பப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள். அதில் ஐந்து விரல் மடங்கும்வரை காத்திருந்தால் பிள்ளை பாதிப் பக்கத்தைத் தவறவிட்டிருக்கும். நான் பார்ப்பது இரண்டு விரல். அதுவும் எண்ணிக்கைக்காக இல்லை. விரல் எந்த மாதிரி இடத்தில் மடங்குகிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘பட்டங்கள் பறந்தன.’

எழுதிப் பாருங்கள். காலில்லை, கொம்பில்லை, விலங்கில்லை. அகரம் ஏறிய உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும் தவிர வேறொன்றும் இல்லை. க, ங, ச வரிசையும் புள்ளியும் மட்டும் தெரிந்த பிள்ளை முழுதாகப் படித்துவிடலாம். தமிழில் இப்படி ஒரு முழு வாக்கியம் அமைவது அபூர்வம். வினைமுற்றுக்கு வந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு குறி வந்துவிடும்: வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. அஃறிணைப் பன்மையும் ‘வந்தனர்’ போன்ற சில வடிவங்களும்தான் தப்பிக்கின்றன. அதனால் எழுத்து வரிசைப்படி கட்டிய ஆரம்பப் புத்தகங்களில் ‘மரங்கள் வளர்ந்தன’, ‘மலர்கள் மலர்ந்தன’ என்று எல்லாமே பன்மையில் நடக்கும். எழுதுகிறவரின் நெருக்கடி புரிகிறது, பாவம்.

ஆனால் ‘பறந்தன’ என்று எந்த வீட்டிலாவது யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? பட்டம் பறந்துச்சு, பட்டமெல்லாம் பறக்குது. ப, ற, ந், த, ன என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரியாகத் தாண்டி வந்த குழந்தை கடைசியில் ஒரு முன்பின் பார்த்திராத சொல்லின் எதிரே நிற்கிறது. காதுக்குள் எந்த மணியும் அடிப்பதில்லை. சரியாகத்தான் படித்திருக்கிறோம் என்று அதற்கே தெரியாது. அதனால் “பறந்தான்?” என்று சந்தேகமாக மாற்றிச் சொல்லிப் பார்க்கும், நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

மாறாக ‘பட்டம் பறக்குது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கு, து இரண்டிலும் உகரம். இரண்டும் இரண்டு வடிவம். எழுத்துக் கணக்கில் இது கடினமான வாக்கியம். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை ‘பறக்’ வரை வந்துவிட்டால் மிச்சத்தைக் காது முடித்துக் கொடுக்கும். அப்படி முடித்துக் கொடுக்கும்போதே கு, து வடிவங்களும் கண்ணில் பதிந்துவிடும். வேறு மொழி பேசும் சூழலில் வளர்கிற, எழுத்துகளை மட்டும் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இந்த உதவி கிடைக்காது. அதற்குப் ‘பறந்தன’வும் புதுசு, ‘பறக்குது’வும் புதுசு, ஆகவே குறியில்லாத முதல் வாக்கியமே மேல். இரண்டு வாக்கியத்திலும் இரண்டு சொற்கள், அட்டையிலும் ஒரே எண்தான் இருக்கும். எது எளிது என்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேட்காமல் சொல்ல முடியாது.

நல்ல ஆரம்பப் புத்தகங்கள் இந்தச் சிக்கலை உரையாடலால் தாண்டுகின்றன. கதை சொல்பவர் எழுத்துத்தமிழில் இரண்டு சொல் சொல்வார். மீதியை விலங்கோ குழந்தையோ வாய்திறந்து பேச்சுத்தமிழில் சொல்லும். ‘வா!’, ‘போ!’, ‘அய்யோ!’, ‘யாரு?’ போன்றவை வரும் பக்கங்களைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வதை நீங்களே கவனிக்கலாம். புத்தகத்தில் பேச்சுத்தமிழ் வந்தால் பிள்ளையின் தமிழ் கெட்டுவிடும் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கெடாது. முதல் ஒரு வருடத்துக்குக் காதுக்குத் தெரிந்த சொல் கண்ணுக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எழுத்துத்தமிழைக் காதுக்குப் பழக்கும் வேலையை நாம் வாசித்துக் காட்டும் கதைகள் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் ஒரு பையன் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தது ‘அவர்கள் இருவரும் போகிறார்கள்.’ விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, நிதானமாக, “அவங்க ரெண்டு பேரும் போறாங்க” என்றான். மேரி க்ளேயின் முறைப்படி குறி போட்டால் மூன்று சொல்லில் மூன்றும் தவறு. மதிப்பெண் பூஜ்யம். உண்மையில் அவன் செய்தது என்ன? எழுத்துத்தமிழைக் கண்ணால் படித்து, மனதுக்குள் பொருள் புரிந்துகொண்டு, வாய்க்கு வரும்போது தன் தமிழில் மாற்றிச் சொல்லியிருக்கிறான். அந்தப் புத்தகம் அவனுக்குக் கடினம் என்று எந்த எண் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். பக்கம் முடிந்த பிறகு, “புத்தகத்துல எப்படி எழுதியிருக்காங்க, சேர்ந்து சொல்லலாமா?” என்று ஒருமுறை கேட்டால் போதும். நடுவில் நிறுத்தித் திருத்தினால் அடுத்த வரியிலிருந்து அவன் பொருளை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்வான்.

இதற்கு நேர்மாறான பிள்ளையும் உண்டு. அட்சரம் பிசகாமல் படித்துவிட்டு, “என்ன நடந்துச்சு?” என்றால் விழிக்கும். அதற்குக் கீழ்நிலைப் புத்தகம் தேடி ஓடுவதில் பயனில்லை. அதே புத்தகத்தை நீங்கள் முதலில் வாசித்துக் காட்டிப் பேசிவிட்டு, பிறகு அதன் கையில் கொடுங்கள்.

எழுத்தில் தடுக்கும் இடங்களுக்கு வருகிறேன். 247 எழுத்து என்ற எண் பெற்றோரைத்தான் பயமுறுத்துகிறது. பிள்ளைகள் அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. மெய் வடிவங்களும் குறிகளும் பிடிபட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். வராத மூலைகள் என்று சில உண்டு. உகர, ஊகார வரிசை ஒன்று: கு, சு, டு, து, மு, ஒவ்வொன்றும் ஒரு திசையில் வளையும். அடுத்தது பிரிந்து நிற்கும் குறிகள். ஒரு சிறுமி ‘கொக்கு’ என்ற சொல்லில் விரல் வைத்து, கொம்பைப் பார்த்து, ககரத்தைப் பார்த்து “கெ” என்றாள். அதற்குப் பின்னால் நின்ற துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொண்டு “கெர... கெரக்கு” என்றாள். கொஞ்ச நேரம் யோசித்து, அப்படி ஒரு பிராணி இல்லை என்று முடிவு செய்து, மறுபடி பார்த்து, “கொக்கு!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்தால் புத்தகம் சரியான நிலையில் இருக்கிறது. ‘கெரக்கு’ என்று படித்துவிட்டுச் சலனமில்லாமல் அடுத்த சொல்லுக்குப் போயிருந்தால், ஒன்று அவளுக்குக் கொக்கு என்ற சொல் தெரியவில்லை, அல்லது படிப்பதற்குப் பொருள் உண்டு என்கிற எதிர்பார்ப்பே இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இன்னொன்று: க, ச, ட, த, ப. ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. தமிழ் பேசும் பிள்ளைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. சொல் தெரியும் என்பதால் ஒலி தானாகச் சரியாகிவிடும். தமிழ் அதிகம் காதில் விழாத பிள்ளைக்கு ஒவ்வொரு புதுச் சொல்லும் ஒரு சந்தேகம். அவர்களுக்கு ஒலிப்புத்தகத்தோடு கிடைக்கும் கதைகள், அல்லது நீங்களே குரல் பதிவு செய்து கொடுக்கும் கதைகள், அட்டை எண்ணைவிட நூறு மடங்கு முக்கியம்.

அச்சையும் பாருங்கள். அலங்கார எழுத்துருக்களில் கௌ எங்கே, கெள எங்கே என்று எனக்கே தெரிவதில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். வரியின் முடிவில் சொல்லை உடைத்துப் பாதியை அடுத்த வரிக்குத் தள்ளும் புத்தகத்தை ஆரம்ப வாசிப்புக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். படத்தின் மேல் எழுத்தை ஏற்றி அச்சடித்திருப்பதும் தொல்லை. பரணிலிருந்து எடுத்த பழைய சிறுவர் புத்தகங்கள் அழகானவைதான். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சானவை என்றால் லை, னை, ணா, றா எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும். அவற்றை வாசித்துக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்த்துச் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. ‘இது யானை. இது பூனை. இது முயல்.’ இப்படி ஒரே அச்சில் ஓடும் புத்தகங்கள் முதல் நிலையில் நிறைய. இரண்டு பக்கத்தில் பிள்ளை அச்சைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைப் படம் சொல்லிவிடும். பெற்றோருக்கு ஏக சந்தோஷம், முழுப் புத்தகமும் படித்துவிட்டாளே! கையால் படத்தை மூடிவிட்டு நடுப்பக்கத்தில் ஒரு சொல்லைக் காட்டுங்கள். படித்தால் சரி. படிக்காவிட்டாலும் குற்றமில்லை, புத்தகத்தைத் திறந்து கையில் பிடித்து ஒரு கதையை முடித்த பெருமை அதற்கு வேண்டும்தான். ஆனால் அதை வாசிப்பு என்று எண்ணி அடுத்த லெவலுக்கு ஏற்றிவிடாதீர்கள். படத்தை வைத்து ஊகிக்கும் பழக்கம், படம் குறைகிற நிலை வந்ததும் காலை வாரிவிடும். ஆங்கிலத்தில் ஊகிக்க விடும் புத்தகமா, தெரிந்த எழுத்துகளால் மட்டுமே கட்டிய புத்தகமா என்று பெரிய யுத்தமே நடந்தது. எழுத்தொலிகளை முறையாகக் கற்பிப்பது உதவுகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அறிக்கை கொடுத்தது. நம் எழுத்து ஆங்கிலத்தைவிடப் பெரும்பாலும் ஒழுங்கானது. கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளைக்குச் சீக்கிரமே பலன் தெரியும். அந்த அனுகூலத்தை ஊகத்துக்குப் பலி கொடுப்பானேன்?

சரி, அலமாரி முன்னால் நின்றுகொண்டு எப்படி எடுப்பது? நான் பிள்ளையையே மூன்று நான்கு புத்தகம் எடுத்து வரச் சொல்வேன். அட்டைப் படம் பார்த்து எடுக்கட்டும், பரவாயில்லை. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, “எனக்குப் படிச்சுக் காட்டுறியா?” என்பேன். முதல் பக்கம் வேண்டாம், அங்கே கூச்சம் இருக்கும். வாய் எங்கே நிற்கிறது, நின்ற பிறகு என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். தானே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டால் அந்தப் புத்தகம் வீட்டுக்குப் போகலாம். நின்ற இடத்தில் உதவிக்காக என்னைப் பார்த்தால் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம். குரல் சுருதி இறங்கி, தோள் குறுகி, கண் பக்கத்தைவிட்டு வெளியே போனால் மூடிவிட்டு, “இத நான் படிச்சுக் காட்டுறேன், வா” என்று சொல்லிவிடுவேன். இதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் பெற்றோர் சும்மா இருப்பதுதான் ஆகப் பெரிய சவால். “நேத்து படிச்சியே இந்த எழுத்த!” என்று ஒருவர் குரல் கொடுத்துவிட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

நிலை என்பது மாறாத எண் இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது விஷய ஞானம். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஒரு பகுதியை நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள், வாசிப்பில் பின்தங்கியவர்கள். ஆட்டம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று நான்கு பிரிவு. ஆட்டம் தெரிந்த பின்தங்கிய வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பாம்பைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு பொடியன் ‘நச்சுப்பற்கள்’ என்ற சொல்லைத் தடங்கலின்றிப் படிப்பதையும், அடுத்த புத்தகத்தில் ‘அண்டாவுக்குள்’ என்பதில் மாட்டிக்கொள்வதையும் பார்த்தால் இந்த ஆய்வைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று தோன்றும். பிடித்த விஷயமாக இருந்தால் ஒரு நிலை மேலே போகத் தயங்காதீர்கள்.

வயது மூத்த ஆரம்ப வாசகர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து வயதில் இப்போதுதான் தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளை. எழுத்து நிலை ஒன்று. புத்தி நிலை அப்படியில்லை. அதனிடம் குட்டி முயல் பலூன் வாங்கிய கதையைக் கொடுத்தால் அவமானமாக இருக்கும், அதை வெளியே சொல்லாமல் ‘போர்’ என்று மட்டும் சொல்லும். இவர்களுக்கு விடுகதை, நகைச்சுவைத் துணுக்கு, படக்கதை, கோள்களும் வண்டிகளும் பற்றிய படக்குறிப்புப் புத்தகங்கள் எடுத்துக் கொடுக்கலாம். விடுகதை ரொம்ப உசத்தி. நான்கைந்து சொல்லில் முடியும், விடை தெரிந்துகொள்ளப் படித்தே ஆக வேண்டும், படித்ததும் இன்னொருவரிடம் போய்ச் சொல்லி மடக்கலாம். திரும்பத் திரும்பப் படிக்க இதைவிடக் காரணம் வேண்டுமா?

அட்டை எண்ணைப் பிள்ளையின் எண்ணாக ஆக்கிவிடுவதில் எனக்குக் கோபமே உண்டு. “நான் லெவல் 2, அவ இன்னும் லெவல் 1தான்” என்று குழந்தைகள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஓர் அக்கா, தம்பியின் கையிலிருந்த புத்தகத்தின் நிறப்பட்டையைப் பார்த்துச் சிரித்ததில் அவன் அதை அலமாரியின் அடியில் செருகிவிட்டு நகர்ந்துவிட்டான். அமெரிக்கப் பள்ளி நூலகர்கள் சங்கம், புத்தகங்களில் வாசிப்பு நிலைச் சீட்டு ஒட்டி அடுக்குவதை எதிர்த்து நிலைப்பாடே எடுத்திருக்கிறது. தான் படிப்பது எந்த நிலை என்பது அந்தப் பிள்ளையின் தனிப்பட்ட விஷயம் என்பது அவர்களின் ஒரு காரணம். நான் எங்கள் அலமாரியில் அந்தச் சீட்டைப் புத்தகத்தின் முதுகிலிருந்து எடுத்துப் பின்னட்டைக்கு உள்ளே மாற்றிவிட்டேன். தேவைப்படும் பெரியவர்கள் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். அச்சிலேயே அட்டை முகப்பில் எண் போட்டு வருவதை ஒன்றும் செய்ய முடிவதில்லை.

நிலை என்பதே பிள்ளை தன் வாயால் படிக்கும் புத்தகத்துக்கு மட்டும்தான். நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகத்துக்கு நிலையே கிடையாது. பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது பல வருடங்களுக்கு முன்னாலேயே ஓடும். லெவல் 1ஐத் தத்தித் தத்திப் படிக்கும் பிள்ளை, நீங்கள் படித்தால் நாற்பது அத்தியாயக் கதையை வாய் பிளந்து கேட்கும். ‘பறந்தன’, ‘போகிறார்கள்’, ‘இருவரும்’ எல்லாம் காதுக்குப் பழக்கமாவது அங்கேதான். ஒரு கட்டத்தில் “எழுத்துக் கூட்டத் தெரிஞ்சிருச்சே, இனி நீயே படிச்சுக்க” என்று பெரியவர்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அதைவிடத் தப்பான நேரம் கிடையாது.

“போன வாரம் எடுத்த அதே புத்தகத்தையே மறுபடி எடுக்கிறா” என்பது இன்னொரு புகார். எடுக்கட்டும். முதல் தடவை எழுத்தோடு மல்லுக்கட்டியவள் மூன்றாம் தடவை வாக்கியமாகப் படிப்பாள். ஐந்தாம் தடவை புலிக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல் கொடுப்பாள். சரளம் என்பது அப்படித்தான் வருகிறது. எளிதான புத்தகத்தில்தான் குரல் மாற்றிப் படிக்க மூச்சு மிஞ்சும். அதேபோல் பாதியில் பிடிக்காமல் போன புத்தகத்தை முடித்தே தீரவேண்டும் என்று நான் எந்தப் பிள்ளையையும் கேட்டதில்லை. நானே எத்தனையோ நாவலைப் பாதியில் வைத்திருக்கிறேன், யாரும் என்னைக் கேட்கவில்லை.

எத்தனை நாள் இந்த லெவல் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு அடையாளம்தான். “படிச்சுக் காட்டு” என்றால் பிள்ளை எரிச்சல் படத் தொடங்கும். உதடு மட்டும் அசையும், பிறகு அதுவும் நிற்கும். வாய்விட்டுப் படிப்பது கதையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு என்னிடம் வந்து கேட்கும் கேள்வியும் மாறிவிடும்: “இவங்களே எழுதின வேற புத்தகம் இருக்கா?” அப்போது நான் எண் வாரியாக அடுக்கிய தட்டிலிருந்து எழுந்து, பொருள் வாரியாக அடுக்கிய தட்டுக்கு அதைக் கூட்டிப்போவேன்.